கீசரில் தண்ணி சூடாகலையா? நீங்களே எதைச் சரிபார்க்கலாம், எதைத் தொடவே கூடாது? முழு விளக்கம்

சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் ஆச்சு. சிவப்பு லைட் எரியுது. ஆனா பைப்பைத் திறந்தா பச்சத்தண்ணிதான் வருது. மார்கழி, தை மாதக் காலையில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல வீடுகளில் நடக்கும் கதை இது. அடுத்த சில நிமிஷத்தில் வீட்டில் யாராவது ஒருத்தர் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக ஸ்டூல் மேல் ஏறிவிடுவார்.

அதில் ஆச்சரியமும் இல்லை. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே மின் மோட்டார் தயாரித்த ஊர் கோவை. பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் இங்கே தொழில் மட்டுமல்ல, பழக்கமும்கூட. எதுவாவது நின்றுபோனால் முதலில் பிரித்துப் பார்ப்போம் என்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் சுபாவம்.

ஆனா கிரைண்டர் வேறு, கீசர் வேறு. கீசரில் கரண்ட், தண்ணி, அழுத்தம் மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருக்கு. அதற்குக் கீழே ஈரக்காலோடு ஒருத்தர் நிற்கிறார். அதனால் எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எளிமையான கோடு இதுதான். கவரைத் திறக்காமல் பார்க்கக் கூடியதெல்லாம் உங்கள் வேலை. கவருக்குள் இருப்பது தெரிந்த வயர்மேன் வேலை. பாதுகாப்புக்காக வைத்த பாகத்தை "இப்போதைக்கு" கழற்றிவிட்டு ஓட்டுவது, யாருமே செய்யக் கூடாத வேலை.

தொடுவதற்கு முன் என்ன செய்யணும்?

சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் தப்பாக நியூட்ரல் வயரில் இணைக்கப்பட்டிருக்கலாம். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹீட்டருக்குள் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்.சி.பி.யையும் இறக்குங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது "யாரோ ஆஃப் பண்ணிட்டாங்க" என்று வேறொருவர் மேலே தூக்கிவிட்டால் கதை முடிந்தது.

டெஸ்டரில் லைட் எரியலை என்பதை மட்டும் நம்பி வயரைத் தொடவே கூடாது. டெஸ்டர் பழுதாகியிருக்கலாம். எர்த் சரியாக இருக்கா என்பதையும் அதனால் சொல்ல முடியாது.

கீசருக்குள் என்னதான் இருக்கு?

அந்தக் காலத்துக் கொங்கு வீடுகளில் செப்புத் தவலையில் தண்ணி ஊற்றி, தென்னை மட்டையும் பன்னாடையும் வைத்து எரிப்பார்கள். தவலையின் வாய் திறந்தே இருக்கும். தண்ணி எவ்வளவு கொதித்தாலும் ஆவி வெளியே போய்விடும். கீசர் அப்படி இல்லை. அது மூடிய தொட்டி. அதனால்தான் அதற்குள் இத்தனை பாதுகாப்பு ஏற்பாடுகள்.

காயில்: தண்ணியைச் சூடாக்கும் பாகம். உள்ளே மின்கம்பி, வெளியே உலோக உறை, இரண்டுக்கும் நடுவே கரண்டைக் கடத்தாத தூள்.

தெர்மோஸ்டாட்: நீங்கள் வைத்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும். சூடு குறைந்தால் மறுபடி கொடுக்கும்.

தெர்மல் கட்-அவுட்: தெர்மோஸ்டாட் வேலை செய்யாமல் சூடு எல்லை மீறினால், மொத்தமாகக் கரண்டை வெட்டிவிடும்.

சேஃப்டி வால்வ்: பச்சத்தண்ணி உள்ளே வரும் குழாயில் இருக்கும். தொட்டிக்குள் அழுத்தம் அதிகமானால் தண்ணியை வெளியே விட்டுவிடும்.

ஆனோடு ராடு: மெக்னீசியக் கம்பி. தொட்டி அரிக்காமல் இருக்க, தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைந்துபோகும்.

இதில் கட்-அவுட்டும் சேஃப்டி வால்வும் உங்களைக் காப்பாற்ற மட்டுமே இருப்பவை. அவை இல்லாமலும் தண்ணி சூடாகும். அதனால்தான் அவற்றைக் கழற்றிவிடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்குது.

லைட்டே எரியலைன்னா?

இது பெரும்பாலும் கீசர் கோளாறாக இருக்காது. முதலில் எம்.சி.பி. கீழே இறங்கியிருக்கா பாருங்கள். இறங்கியிருந்தால் ஒரே ஒரு முறை மேலே தூக்கலாம். மறுபடி இறங்கினால் விட்டுவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

அடுத்து பிளக், சாக்கெட். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். செல்போன் சார்ஜர் போடும் 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

பிளக்கின் பின் கருத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, கருகல் வாசம் வந்தாலோ பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றணும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

வீடு முழுக்கக் கரண்ட் ஏற்ற இறக்கமாக இருந்தால் அது மின்வாரியம் பார்க்க வேண்டிய வேலையாக இருக்கலாம். மின்னகம் எண் 94987 94987-ல் புகார் சொல்லலாம். மீட்டர் பெட்டியின் சீலை நீங்களே உடைக்காதீர்கள்.

லைட் எரியுது, தண்ணி சூடாகலை. ஏன்?

முதலில் கணக்கைப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, 2000 வாட் கீசருக்குச் சுமார் 18 முதல் 20 நிமிஷம் ஆகும். 25 லிட்டர் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல். ஊட்டி, வால்பாறை மாதிரி இடங்களில் தொட்டித் தண்ணியே ஜில்லென்று இருப்பதால் இன்னும் நேரமாகும்.

வோல்டேஜ் குறைந்தாலும் இதே கதை. 230 வோல்ட்டுக்குப் பதிலாக 200 வோல்ட் வந்தால், 2000 வாட் கீசர் சுமார் 1500 வாட் கீசராகத்தான் வேலை செய்யும். தோட்டத்து வீடுகளில் மோட்டார் ஓடும் நேரத்தில் கீசர் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து மிக்சர் குழாய். அதன் உள்பாகம் தேய்ந்திருந்தால் சுடுதண்ணியோடு பச்சத்தண்ணியும் கலந்து வரும். கீசருக்குப் பச்சத்தண்ணி போகும் வால்வை மூடிவிட்டு, சுடுதண்ணி பக்கம் திறந்து பாருங்கள். அப்போதும் விடாமல் தண்ணி வந்தால், கோளாறு குழாயில்தான். பிளம்பர் போதும். இந்தச் சோதனையைக் கீசரை அணைத்துவிட்டே செய்யணும். முடிந்ததும் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் கோளாறு உள்ளேதான். பல மாடல்களில் இரண்டு லைட் இருக்கும். ஒன்று கரண்ட் வருவதைக் காட்டும், இன்னொன்று காயிலுக்குக் கரண்ட் போவதைக் காட்டும். இரண்டாவது லைட்டும் எரிந்து தண்ணி பச்சையாகவே இருந்தால், காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் லைட் மட்டும் எரிந்தால் தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ நின்றிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இதைச் சொன்னால் அவர் சரியான பாகத்தோடு வருவார்.

கட்-அவுட் விழுந்திருந்தால் அதை ரீசெட் செய்வது மட்டும் தீர்வல்ல. அது ஏன் விழுந்தது என்பதுதான் கேள்வி. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணி கொதித்திருக்கலாம், அல்லது தொட்டியில் தண்ணி இல்லாமல் காயில் காய்ந்திருக்கலாம். "கட்-அவுட்டை நேரா சேர்த்துட்டேன், இனி பிரச்சினை வராது" என்று யாராவது சொன்னால், அந்தக் கீசரை ஆன் செய்யவே கூடாது.

ஷாக் அடிக்குது, எம்.சி.பி. இறங்குது. என்ன அர்த்தம்?

"லேசா சுர்ருங்குதுங்க, பெருசா ஒண்ணுமில்ல" என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். இது லேசான விஷயம் இல்லை. காயிலின் உலோக உறை விரிசல் விட்டால் கரண்ட் நேராகத் தண்ணிக்கு வரும். அந்தத் தண்ணி ஷவர் வழியாக உங்கள் மேல் விழுகிறது. இப்போதைய பிளாஸ்டிக் பைப்புகள் கரண்டைக் கடத்தாதுதான். ஆனா உள்ளே இருக்கும் தண்ணி கடத்தும். உப்புத் தண்ணி இன்னும் நன்றாகக் கடத்தும்.

இங்கே பலருக்கு இருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை: "எம்.சி.பி. இருக்கே, காப்பாத்திடும்." எம்.சி.பி. வயர் சூடாகி எரியாமல் இருக்க வைத்தது. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அசையும். ஒரு மனிதரின் உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கு கரண்டே போதும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போகும் கரண்டுக்கும் திரும்பும் கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழணும். விழவில்லை என்றால் அதை மாற்றணும்.

அடுத்தது எர்த். பிளக்கின் மூன்றாவது, தடித்த பின் அதற்குத்தான். எர்த் வயரை வெட்டிவிட்டு இரண்டு வயரில் ஓட்டுவது ஆபத்து. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் எர்த் பின்னையும் சாக்கெட்டுக்குள் சேர்த்துவிடும் "ஷார்ட் கட்" அதைவிட ஆபத்து. எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

வறண்ட மண்ணில் எர்த் குழி காய்ந்துபோனால் அதன் பலன் குறையும். கோடையில் குழியில் தண்ணி ஊற்றும் பழைய பழக்கத்தில் அர்த்தம் இருக்கு.

ஷாக் அடித்தாலோ, ஆர்.சி.சி.பி. விழுந்தாலோ, எம்.சி.பி. இரண்டாம் முறை இறங்கினாலோ ஒரே முடிவுதான். அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அடுப்பில் தண்ணி காய வைத்துக் குளிக்கலாம்.

கீழே தண்ணி சொட்டுது. அடைச்சுடலாமா?

எங்கே சொட்டுது என்பதைப் பொறுத்தது. சேஃப்டி வால்வில் இருந்து, கீசர் ஓடும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் அது கோளாறே இல்லை. தண்ணி சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணி 20 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 225 மில்லி கூடும், அதாவது ஒரு டம்ளர் அளவு. அந்தக் கூடுதல் தண்ணி போக வழி வேண்டும். வால்வ் அந்த வழி.

அதில் எம்-சீல் வைத்து அடைப்பது, குச்சி செருகுவது, வால்வைக் கழற்றிச் சாதா குழாய் போடுவது எல்லாம் மூடிய தொட்டியை வெடிக்க விடும் வேலை. தெர்மோஸ்டாட்டும் அதே நேரத்தில் கெட்டால் தண்ணி 100 டிகிரியைத் தாண்டும். தொட்டி பிளந்தால் அந்தத் தண்ணியில் ஒரு பகுதி ஒரு நொடியில் ஆவியாகும். தண்ணி ஆவியானால் சுமார் 1600 மடங்கு இடம் எடுக்கும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் வால்வ் விடாமல் ஒழுகினால், வால்வ் தேய்ந்திருக்கும் அல்லது தண்ணியின் அழுத்தம் அதிகம். மாடியில் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இதைப் பார்க்கலாம். கீசரின் லேபிளில் எவ்வளவு பார் அழுத்தம் தாங்கும் என்று போட்டிருக்கும். பம்ப்பின் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருக்கணும்.

குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர், டெஃப்லான் டேப் போதும். அணைத்துவிட்டு நீங்களே மாற்றலாம். கீசரின் உடம்பில் இருந்தே, துருப்பிடித்த நிறத்தில் தண்ணி வந்தால் உள்தொட்டி ஓட்டையாகிவிட்டது. பொதுவாக அதற்கு ஒட்டு வேலை இல்லை. புதுசு வாங்கும் நேரம் வந்துவிட்டது.

சிறுவாணி வீடு, போர் வீடு: ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரே மாடல் கீசர் ஒரு வீட்டில் பத்து வருஷம் உழைக்கும், பக்கத்து ஏரியாவில் அடிக்கடி காயில் போகும். காரணம் பெரும்பாலும் தண்ணி. சிறுவாணி, பில்லூர் தண்ணி மலையில் இருந்து வருவது. உப்பு குறைவு. கடினப் பாறைக்குள் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போடும் போர்வெல் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, தண்ணியின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

கடினத் தண்ணி சூடானால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகக் காயில் மேல் படியும். சூடு கூடக்கூட, குறிப்பாக 60 டிகிரிக்கு மேல், படிவு வேகமாகச் சேரும். படிவு தடித்தால் காயிலின் சூடு தண்ணிக்குப் போகாது. காயில் தனக்குள்ளேயே காய்ந்து விரிசல் விடும். அந்த விரிசல்தான் மேலே சொன்ன ஷாக்குக்கு வழி.

நீங்கள் செய்யக் கூடியவை:

சூட்டை 50 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். மின்சாரமும் மிச்சம், படிவும் குறைவு.

ஷவர் முகப்பையும் குழாய் வாய் வலையையும் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணியிலோ வினிகரிலோ ஊறப் போடுங்கள். வெள்ளைப் படிவு கரைந்துவிடும்.

போர் தண்ணி வீடுகளில் வருஷம் ஒரு முறை மெக்கானிக்கை வைத்துக் காயிலைச் சுத்தம் செய்து, ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கீசருக்குள் ஊற்றவே கூடாது. படிவோடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும்.

பிளம்பிங் வேலை முடிந்த பிறகோ, மேல்தொட்டி காலியாகி நிரம்பிய பிறகோ, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து காற்று போய்த் தண்ணி சீராக வந்தபிறகே சுவிட்ச் போடுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இதில் ஷாக் பயம் குறைவு. ஆனா வேறொரு எமன் இருக்கு. அதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசமில்லை. மூடிய பாத்ரூமில் கேஸ் எரியும்போது ஆக்சிஜன் குறைந்தால் இந்த வாயு உருவாகும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, பிறகு மயக்கம். குளிப்பவர் கதவைத் திறக்கும் முன்பே விழுந்துவிடலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே என்பது பதில் இல்லை. கேஸ் கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்டணும். சுடர் நீலமாக எரியணும். மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிடுங்கள்.

இதில் நீங்களே செய்யக் கூடியது பேட்டரி மாற்றுவது, தண்ணி வரும் வலையைச் சுத்தம் செய்வது மட்டும்தான். கேஸ் ட்யூப், பர்னர் பக்கம் கை வைக்கக் கூடாது. பிரிட்டனில் வீட்டையே சூடாக்கும் கேஸ் பாய்லர்கள் சகஜம். அங்கே இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவு கட்டாயம்.

கேஸ் வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

மெக்கானிக் வந்தால் என்ன கேட்கணும்?

காயிலை மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். 3000 வாட் என்றால் 17, 18 ஓம். அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. இந்த ஒரு அளவே, நல்ல காயிலை மாற்றிக் காசு வாங்குவதைத் தடுக்கும்.

காயிலுக்கும் கீசர் உடம்புக்கும் நடுவே கசிவு இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது பாகத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் கட்-அவுட், சேஃப்டி வால்வ், எர்த் மூன்றும் இணைப்பில் இருக்கா என்று கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்?

ஓடிப்போய் அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயினை அணையுங்கள். உடனே அணைக்க முடியவில்லை என்றால், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்ற ஒன்றால் அவரை விலக்குங்கள். 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் வரலாம்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள

நீங்களே செய்யலாம்: எம்.சி.பி. ஒரு முறை தூக்குவது, பிளக்கைப் பார்ப்பது, சூட்டு அளவை மாற்றுவது, மிக்சர் சோதனை, ஷவர் சுத்தம், ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன்.

வயர்மேன் செய்யணும்: காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட், சாக்கெட் மாற்றுவது, எர்த்.

யாரும் செய்யக் கூடாது: கட்-அவுட்டை நேராகச் சேர்ப்பது, சேஃப்டி வால்வை அடைப்பது, எர்த்தை வெட்டுவது, எர்த்தையும் நியூட்ரலையும் சேர்ப்பது, கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் வைப்பது.

கடைசியாக ஒன்று. குளிக்கும் முன் பக்கெட்டில் தண்ணி பிடித்துவிட்டு, கீசரை அணைத்துவிட்டுக் குளிப்பது நல்ல பழக்கம். வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.